கடலைப் பசையும் கம்பு வயலும்

நைஜர் நாட்டின் மராடி வட்டாரம் கம்பும் நிலக்கடலையும் விளையும் பூமி. அந்நாட்டின் களஞ்சியம் என்று பேர் வாங்கியது. 2005இல் எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் உலகத் தொலைக்காட்சிகளுக்குப் போனதும் அங்கிருந்துதான். முந்தைய ஆண்டு மழை ஏமாற்றியது, வெட்டுக்கிளி மேய்ந்தது என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் சந்தையில் தானியம் இருந்தது. ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. இந்த முரணை மறந்துவிட்டு, அந்த ஆண்டு பேர்பெற்ற சிகிச்சை முறையை எடைபோட முடியாது.

அந்த முறையின் மையம் 'பிளம்பி நட்' என்ற 92 கிராம் பொட்டலம். கடலைப் பசை, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், சத்துக் கலவை. மொத்தம் 500 கலோரி. பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியானும் மிஷெல் லெஸ்கானும் 1996இல் உருவாக்கியது. இதன் பெருமை, இதில் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை என்பதே. முன்பிருந்த சிகிச்சைப் பாலைச் சுத்தமான நீரில் கரைக்க வேண்டும். சில மணி நேரத்தில் கெட்டுவிடும். அதனால் தாய் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு, களையெடுக்கும் காலத்தில், வாரக்கணக்கில் முகாமில் கிடக்க வேண்டியிருந்தது. இப்போது நடப்பது வேறு. குழந்தையின் மேற்கையில் ஒரு நாடாவைச் சுற்றுகிறார்கள். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. தாயின் மடியில் வைத்தே பொட்டலத்தைக் கிள்ளிக் கொடுக்கிறார்கள். பிள்ளை சப்பித் தின்றால், வேறு சிக்கல் இல்லையென்றால், ஒரு வாரத்துக்கான பொட்டலங்களோடு வீட்டுக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டால் மருத்துவமனைக்கு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005இல் நைஜரில் 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்தது. பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள். 2007இல் ஐ.நா. அமைப்புகள் இந்த முறையை ஏற்றுக் கூட்டறிக்கை வெளியிட்டன. மருத்துவமாக இதில் குறை காண இடம் குறைவு.

குறை, மருத்துவத்தையே கொள்கையாக எண்ணிக்கொள்வதில் தொடங்குகிறது. நாடா காட்டுவது உடல் மெலிவை. நைஜரில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் பத்தில் நான்கு பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நீண்டநாள் சத்துக்குறைவின் அந்தத் தடயத்தை நாடா அளப்பதில்லை. தேறிய பிள்ளை திரும்புவதும் அதே வீட்டுக்கு. அறுவடையானதும் கடனடைக்கக் கம்பை மலிவாக விற்றுவிட்டு, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பஞ்ச மாதங்களில் அதே கம்பை இருமடங்கு கொடுத்து வாங்கும் வீடு அது. குழந்தைக்குக் கிடைப்பது நீர்த்த கம்பங்கூழ். விலை, கடன், குடிநீர், அடுத்தடுத்த பிரசவம் எதையும் பொட்டலம் தொடுவதில்லை. தொடவில்லை என்று பொட்டலத்தைக் குறைசொல்வது அபத்தம். ஆனால் எத்தனை பொட்டலம் போனது என்று கணக்குக் காட்டுவது எளிது என்பதற்காகப் பணம் அந்தப் பக்கமே சாய்வதைக் குறைசொல்லத்தான் வேண்டும்.

சாகக் கிடக்கும் பிள்ளைக்கு வேளாண் சீர்திருத்தத்தை ஊட்ட முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. பொட்டலத்தை நிறுத்து என்பதும் என் வாதமல்ல. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு இந்தப் பசைக்கான ஒப்பந்தங்களை ரத்துசெய்து, சில நாளில் மீட்டபோது, ஒரே கொடையாளியின் மனமாற்றத்தில் எத்தனை உயிர் தொங்குகிறது என்று தெரிந்தது. கடலை விளையும் நாட்டிலேயே செய்யலாமே என்றால், நைஜர் தலைநகர் நியாமேயில் ஆலை இருக்கிறது. பால்மாவும் சத்துக் கலவையும் இறக்குமதிதான். அரசுகளையும் விடுவிக்க முடியாது. மக்கள் நன்றாகத்தான் உண்டிருக்கிறார்கள் என்று 2005இல் பேசியவர் அந்நாட்டு அதிபர் மமதூ தஞ்சா. 2008இல் மராடியில் எல்லைகளற்ற மருத்துவர்களின் பிரெஞ்சுக் கிளையின் பணியை நிறுத்தியதும் அவருடைய அரசே. மெலிந்த பிள்ளைகளின் எண்ணிக்கை அவமானமாகத் தெரியும் இடத்தில் தடுப்பு முளைக்காது.

உதவி அமைப்புகளிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: ஆண்டறிக்கையில் தேறிய குழந்தைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, அவர்களில் எத்தனை பேர் அடுத்த பஞ்ச மாதத்தில் மறுபடி வந்தார்கள் என்பதையும் அச்சிடுங்கள்.