‘எதிர்ப்பு’ என்ற சொல் செய்யும் குழப்பம்

வருஷா வருஷம் நவம்பர் 18 முதல் 24 வரை ஆன்டிபயாடிக் விழிப்புணர்வு வாரம் வருகிறது. அதையொட்டித் தமிழில் வரும் துண்டறிக்கைகளையும் கட்டுரைகளையும் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தவறாகப் பயன்படுத்தினால் நுண்ணுயிர் எதிர்ப்புத்திறன் உருவாகும், எச்சரிக்கை!

இதைச் சேத்தியாத்தோப்பு கடைவீதியில் ஒருவர் வாசித்தால் என்ன புரிந்துகொள்வார்? நமக்கு ‘எதிர்ப்பு’ என்றதும் ஞாபகம் வருவது நோய் எதிர்ப்பு சக்தி. கொரோனா சமயத்தில் கபசுரக் குடிநீரோடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த சொல் அது. கூடினால் நல்லது, குறைந்தால் ஆபத்து. அப்படியிருக்க, எதிர்ப்புத்திறன் உருவாகும் என்றால் சந்தோஷம்தானே படணும்? மருந்துக்குப் பேர் எதிர்ப்பி. அந்த மருந்தைக் கிருமி தாக்குப்பிடிப்பதற்கும் பேர் எதிர்ப்பு. யார் யாரை எதிர்க்கிறார்கள் என்றே தெரிவதில்லை.

குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. 2015இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 12 நாடுகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மருந்து பலிக்காமல் போவதற்குக் காரணம் நம் உடம்பு அதற்குப் பழகிவிடுவதுதான் என்று 76% பேர் நினைத்தார்கள். சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாடிக் கேட்கும் என்றவர்கள் 64%. இந்தியாவில் இணையம் வழியாகத்தான் கேட்டார்கள். ஆகவே ‘கிராமத்து அறியாமை’ என்று தொடங்கும் கட்டுரைகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

சொல்லப்போனால் கிராமத்துக்கு இந்த விஷயம் ஏற்கெனவே தெரியும். வீராணம் ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவரிடம் புகையானைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “முன்ன அடிச்ச மருந்துக்கு இப்ப அடங்க மாட்டேங்குது” என்பார். இமிடாகுளோபிரிட் மருந்துக்குப் புகையான் அடங்காமல் போனது ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. மருந்தில் பெரும்பாலான பூச்சி செத்துப்போகும். தாக்குப்பிடிக்கும் தன்மை உள்ள சில பூச்சி தப்பித்துப் பெருகும். மாறியது பூச்சி, பயிர் அல்ல. கிருமிக்கும் அதே கதைதான். மாறுவது கிருமி, நம் உடம்பு அல்ல. ‘மருந்துக்கு அடங்காத கிருமி’ என்று எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதிதான் கஷ்டம். பூச்சி அடங்கலைன்னா விவசாயி என்ன செய்கிறார்? வேறு மருந்து வாங்குகிறார், இல்லைன்னா ரெண்டைக் கலந்து அடிக்கிறார். மெடிக்கலில் “பவர் கூட்டிக் குடுங்க” என்று கேட்பதும் இதே வழக்கம்தான். அதனால் உவமையை இன்னும் ரெண்டு அடி நகர்த்தணும். ஒன்று, புது வகை ஆன்டிபயாடிக் அபூர்வமாகத்தான் வருகிறது. ரெண்டு, பக்கத்து வயலுக்குப் பூச்சி போகிற மாதிரி, மாத்திரையே போடாதவர் உடம்புக்கும் அந்தக் கிருமி போகும். பிரசவத்துக்குப் போனவருக்கோ, சர்க்கரைப் புண்ணோடு படுத்திருப்பவருக்கோ அது வந்து சேரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணை மருந்துகளுக்குக் கடைக்காரர் தனிப் பதிவேடு வைத்து மூன்று வருஷம் காப்பாற்றணும். ஆனால் அன்றைய பட்டியலில் அமாக்ஸிசிலினும் அசித்ரோமைசினும் இல்லை. அவற்றுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்பதோடு சரி. 2016இல் மத்திய அரசு சிவப்புக் கோடு பிரச்சாரத்தைத் தொடங்கியது: அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று. நல்ல யோசனைதான். ஆனால் “ஒரு செட் குடுங்க” என்றதும் நாலு அட்டையிலிருந்து ரெண்டு ரெண்டாக வெட்டிக் காகிதக் கவரில் போட்டுத் தரும்போது அந்தக் கோட்டை யார் பார்ப்பது? கேரளம் 2024இல் ஆன்டிபயாடிக்கை நீலக் கவரில் தரும் முறையைக் கொண்டுவந்தது. வாங்குகிறவர் கைக்குக் கடைசியில் எது வந்து சேர்கிறது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அந்த செட்டை வாங்குகிறவரையும் லேசில் குறை சொல்ல முடியாது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. மெடிக்கல் ராத்திரியும் திறந்திருக்கிறது. இந்தக் கணக்கைப் பேசாத துண்டறிக்கை எத்தனை ஆயிரம் அச்சடித்தாலும் அறிவுரையாகத்தான் மிஞ்சும்.

என்னைக் கேட்டால் இவ்வளவுதான் எழுதுவேன்: “சளிக்கு இந்த மாத்திரை கேக்காது. தேவையில்லாம போட்டா, கிருமி மருந்துக்கு அடங்காமப் போயிடும். அப்புறம் உண்மையிலேயே தேவைப்படுறப்ப, உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மருந்து பலிக்காது.”