ஒற்றைக் கண்ணும் உலவும் கண்ணும்

செங்கற்பட்டுப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மாணவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அவற்றுட் பெரும்பாலானவை இருப்புப்பாதைகள். இரு தண்டவாளங்களும் தொலைவில் ஒரு புள்ளியிற் கூடின. இருமருங்கும் தந்திக் கம்பங்கள் படிப்படியாகக் குறுகின. ஒரே அச்சில் வார்த்தவை போல் இருந்தன. கதவோரத்தில் மாட்டியிருந்த ஒரு படம் மட்டும் வேறாக இருந்தது. மாமல்லபுரக் கடற்கரை, கலங்கரை விளக்கம் விரலளவு, அதற்கும் அப்பால் கடலில் வரும் படகோ தாளின் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. படகையும் விளக்கத்தையும் சேர்த்துச் சிவப்பு மையால் அடித்து, ‘தூரம் பிழை’ என்று குறித்திருந்தார்கள். படகு ஏன் இத்தனை பெரிது என்று வரைந்த சிறுவனைக் கேட்டேன். “கரையில எல்லாரும் அதைத்தானே சார் பாத்துக்கிட்டு நிக்கிறோம்” என்றான்.

பெர்ஸ்பெக்டிவ் என்று ஓவிய ஆசிரியர்கள் வழங்கும் தொலைவுத்தோற்ற முறையைப் பள்ளியிற் கற்பிக்கலாகாது என்பது என் கருத்தன்று. கற்பிக்கத்தான் வேண்டும், அதுவும் கரும்பலகையிலன்று. கொளவாய் ஏரியை ஒட்டி ஓடும் இருப்புப்பாதைக்கு எட்ட நின்று, கையை நீட்டிப் பென்சிலால் கம்பங்களை அளந்து, கண்மட்டக் கோடு எங்கே விழுகிறது, மறையும் புள்ளி எங்கே அமைகிறது என்று பிள்ளைகளே கண்டறியும்படி கற்பிக்க வேண்டும். உயிருருவங்களை வரைவதில் நம் இல்லங்கள் பலவற்றில் தயக்கம் உண்டு. வீதியும் தூணும் தாழ்வாரமும் வரையும் இப்பாடத்தில் அத்தயக்கத்துக்கு இடமில்லை என்பதையும் பெற்றோர்க்கு நினைவூட்டலாம்.

ஆனால் இம்முறை எத்தகைய கண்ணுக்கு உரியது என்பதைச் சொல்லாமல் கற்பிப்பதே குறை. ஃபுளோரன்சு நகரத்துப் புரூனெல்லெஸ்கி 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைச் செய்து காட்டியபோது, படப்பலகையில் ஒரு துளையிட்டு, அதன் பின்புறத்தில் ஒரு கண்ணை மட்டும் வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் படத்தைப் பார்க்கச் செய்தார். 1435 இல் ஆல்பெர்ட்டி அதற்கு இலக்கணம் வகுத்தார். ஒற்றைக் கண், அசையாத இடம்: இவ்விரண்டும் இருந்தாற்றான் அந்த விதி முழுமையாகச் செல்லும்.

இவ்விடத்தில் பஸராவிற் பிறந்த இப்னுல் ஹைதமின் பெயரை நம்மவர் பெருமையோடு எடுப்பதுண்டு. பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே காண்கிறோம் என்று 11 ஆம் நூற்றாண்டிலேயே ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் நூலில் நிறுவியவர் அவர். அந்நூல் இலத்தீனுக்கும் பின்னர் இத்தாலியத்துக்கும் சென்றது. சிற்பி கிபெர்ட்டி அதைப் பயன்படுத்தினார். பெருமை உண்மையே. ஆயினும் அவர் ஆராய்ந்தது பார்வையை. படம் வரையும் முறையை அன்று. இல்லாத உரிமையைக் கொண்டாடுவது அவர் புகழுக்கு எதையும் கூட்டாது.

இனி மாமல்லபுரத்துப் பெரும்பாறைக்கு வருவோம். அருச்சுனன் தபசு என்றும், கங்கை இறங்கிய காட்சி என்றும் இருவிதமாகக் கூறப்படும் இப்பல்லவர் சிற்பத்தை வழிபாட்டு நோக்கின்றிக் கலைநோக்கோடு காண்பதில் நமக்குத் தடையில்லை. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அப்பாறையில் மறையும் புள்ளி கிடையாது. மேலே இருப்போர் தொலைவால் சிறுக்கவில்லை. தவசியினும் அவர் முன் நிற்கும் இறையுருவம் பெரிது. யானைகளோ உயிர் யானையின் அளவை நெருங்குகின்றன. ஓரிடத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது முழுதும் வசப்படாது. நடந்து நடந்து காண வேண்டும். அதை விதியற்றது என்பவர், 1957 இல் தொடங்கப்பெற்று அவ்வூரில் இயங்கும் அரசு சிற்பக் கல்லூரிக்குச் சென்று பார்க்கட்டும். முகத்தின் நீளத்தை அலகாக வைத்து, உருவத்தின் தகுதிக்கேற்ப இத்தனை முகம் என்று அளக்கும் தாலமானம் அங்கே பாடம். அளவு உண்டு, அதை வழங்குவது தொலைவன்று, தகுதி.

விதியைக் கடப்பதற்கு அதை முதலிற் கற்றிருக்க வேண்டும் என்பதற்கு கே.சி.எஸ். பணிக்கர் சான்று. 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்று, பின்னர் அதற்கே முதல்வரானவர். தொடக்கக் காலத்தில் மலையாள நாட்டு நீர்நிலைக் காட்சிகளை முறைப்படி தீட்டியவர். 1963 இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஆழத்தையே விலக்கி, சாதகக் கட்டம் போன்ற தட்டையான பரப்பில் எழுத்தையும் குறியையும் நிரப்பினார். 1966 இல் அவர் முன்னின்று அமைத்த சோழமண்டலம், அன்று செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த ஈஞ்சம்பாக்கத்தில், இதே கடற்கரையில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரே காட்சியை இருமுறை வரையச் சொல்லலாம்: முதலில் அசையாத ஒற்றைக் கண்ணால், பிறகு, எதைப் பெரிதாக்கினாய், ஏன் என்று சொல்லும் பொறுப்போடு. காரணம் சொல்ல இயலாத மாணவனுக்கு மதிப்பெண் குறையட்டும்.

அச்சிறுவனின் படத்தைத் திரும்பவும் பார்த்தேன். கலங்கரை விளக்கத்தின் அடி மணலிற் பதியாமல் அந்தரத்தில் நின்றது. அது பயிற்சிக் குறைவால் நேர்ந்த பிழை, திருத்தத்தான் வேண்டும். படகின் அளவு அவன் கருதிச் செய்தது. சிவப்புக் கோடு இரண்டின் மேலும் ஒன்றாகவே ஓடியிருந்தது.