பொருள்: நிதி உதவி கோருதல்

2009 பிப்ரவரியில் கும்மிடிப்பூண்டி முகாமில் இருந்த ஓர் அக்காவுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். 1990இல் திருகோணமலையிலிருந்து வந்தவர். வன்னியில் மாட்டிக்கொண்ட தங்கையைப் பற்றி நான்கு மாதமாகச் செய்தி இல்லை. "உதவி ஒண்டும் வேண்டாம் பிள்ளை. அவள் இருக்கிறாளோ, சண்டையை எப்ப நிப்பாட்டுவாங்கள், அதை மட்டும் கேட்டு எழுதுங்கோ" என்றார். அப்படியே எழுதினேன்.

மே மாதக் கடைசியில் ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'பொருள்: நிதி உதவி கோருதல்.' அதன்கீழ், மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு வரி. அதற்குள் முள்ளிவாய்க்கால் முடிந்திருந்தது.

நம் அரசு அலுவலகங்களில் வரும் மனு தன்பதிவேட்டில் ஏறுகிறது: எண், நாள், பொருள். கோப்பு முடிந்ததும் அதன் ஆயுளும் குறிக்கப்படுகிறது: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். வெள்ளைக்காரர் காலத்து முறை இது. இதை நான் பழிக்கவில்லை. எண் இல்லாத மனுவைப் பற்றி யாரிடமும் போய்க் கேட்க முடியாது. ஆனால் மனு எந்த மேசைக்குப் போகும், எத்தனை காலம் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் 'பொருள்' வரி. அதை எழுதுபவர் மனுதாரர் அல்ல.

போரும் அயலுறவும் அரசியல் சட்டப்படி ஒன்றியப் பட்டியலில் உள்ளவை. மாவட்ட அலுவலகத்தின் கைக்கு எட்டுவது உதவித்தொகையும் குடும்ப அட்டையும்தான். எழுத்தர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. தன்னிடம் இருந்த தலைப்பில் அந்தப் பெண்ணை அடைத்தார். போர் புறம், தங்கை அகம் என்று பிரித்தாயிற்று. தொல்காப்பியம்கூட இப்படிப் பிரிக்கவில்லை. கணவனை இழந்து தனித்துப் புலம்புகிறவளை அது புறத்திணையியலில், காஞ்சித் திணையில் வைத்தது.

2008 அக்டோபரில், ஈழத்தமிழருக்காகப் பிரதமருக்குத் தந்தி அனுப்புங்கள் என்று அன்றைய முதல்வர் கலைஞர் அழைத்தபோது நானும் அனுப்பினேன். சொல்லுக்குச் சொல் காசு வாங்கும் தந்தியில் ஒருத்தியின் தங்கைக்கு இடமில்லை. 2013இல் தந்தி சேவையே நின்றுபோனது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்றால், அயல்நாட்டு உறவைப் பாதிக்கும் தகவலைத் தர மறுக்க அதன் எட்டாம் பிரிவு இடம் தருகிறது.

என் ஊர் திருவாலங்காடு. கடல் கடந்த போரை எப்படிப் பதிவது என்பதற்கு இங்கே பழைய சான்று உண்டு. ராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழர் ஈழத்தை வென்றதைப் புகழ்ந்துவிட்டு, பக்கத்து ஊரான பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கின்றன. செப்பேட்டின் ஆயுள் நிரந்தரம். வெல்லப்பட்ட நிலத்துப் பெண்கள் சொன்னது எந்தத் தகட்டிலும் இல்லை.

அதே பழையனூர்தான் நீலியின் ஊர். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட அவள், எழுபது வேளாளர் கூடிய அவையில் கையில் பிள்ளையோடு அழுது நின்றாள். அவையின்முன் வந்தது புருஷன் பெண்டாட்டி வழக்கு. கொலை வழக்கு வரவே இல்லை. அதை எடுத்துச் செல்ல அவளுக்கு ஒரு தலைப்பும் கிடையாது. பிறகு அவளே தீர்ப்பை நிறைவேற்றினாள். வாக்குக் கொடுத்த எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். ஊர் அவர்களைத் தியாகிகளாக வணங்குகிறது. நீலிக்கு மிஞ்சியது 'நீலிக்கண்ணீர்' என்ற சொல். அவள் பொய் சொன்னாள் என்பது மொழியில் பதிவாகிவிட்டது. கொல்லப்பட்டாள் என்பது பதிவாகவில்லை.

அக்கா அந்தப் பதில் கடிதத்தை இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். தங்கையைப் பற்றிக் கேட்டதற்கு அவரிடம் உள்ள ஒரே அரசுத் தாள் அது. அதிலும் தங்கை இல்லை.

நான் கேட்பது சிறியது. மனுவின் பொருளை மனு கொடுத்தவரின் சொல்லிலேயே பதியுங்கள். உங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்றால், அதையும் அங்கேயே எழுதுங்கள். அவள் காசு கேட்டாள் என்று மட்டும் எழுதாதீர்கள்.