எந்தத் தோட்டா பெரிது?

காட்டுப்பன்றியைச் சுடலாமா என்ற கேள்விக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் கிலோமீட்டர் கணக்கில் விடை சொன்னது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நடமாடும் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கும் அப்பால் வந்துவிட்டால் வனத்துறையினர் சுடலாம். உசிலம்பட்டியிலும் பேரையூரிலும் ராத்திரி முழுக்க நிலக்கடலைக் கொல்லைக்குக் காவல் இருப்பவருக்கு இந்த ஏற்பாடு போதுமா என்பது தனி வழக்கு. சுடலாம் என்று ஆனபின் எதைக் கொண்டு சுடுவது என்று அடுத்த கேள்வி வருகிறது. வேட்டைக்காரர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அதற்காகத்தான் ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள்.

அந்தச் சண்டையில் இரண்டு கட்சிகள். கனமான குண்டு வேண்டும் என்பது ஒன்று; சிறிய குண்டு போதும், சரியான இடத்தில் பட்டால் சரி என்பது மற்றொன்று.

முதல் கட்சியின் மூத்தவர்களில் ஒருவர் இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர். 1840-இல் பிரிஸ்டல் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளி கிப்ஸிடம் சொல்லி அவர் செய்துகொண்ட ரைபிளின் எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரைக் கிலோ. கரிமருந்துக் காலத்தில் குண்டின் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்டமுடியாது. வலு வேண்டுமென்றால் எடையைக் கூட்டுவது ஒன்றுதான் வழி. பழனி மலையில் வேட்டைக்கும் நில அளவைக்கும் பேர்போன டக்ளஸ் ஹாமில்டன் காலத்திலும், மைசூர்க் காடுகளில் யானை பிடித்த சாண்டர்சன் காலத்திலும் இதே நிலைதான். அவர்கள் பெரிய குழலைத் தூக்கியதை வீம்பு என்று சொல்லமுடியாது.

புகையில்லா மருந்தான கார்டைட் வந்ததும் கணக்கு மாறிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், அவற்றில் பெரும்பாலானவை .275 என்னும் சிறு தோட்டாவுக்கு விழுந்தவை. அதன் குண்டு பதினொரு கிராம் சொச்சம்தான். செத்த யானையின் மண்டையை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். சிறு குண்டுக் கட்சி இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறது. மண்டையை அறுத்துப் படித்த பாதியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறது.

இந்த வாதத்தில் இரு தரப்பும் அடிக்கடி நீட்டும் சாட்சி, ஒரு தோட்டாவின் புகழ். இத்தனை பேர் வைத்திருக்கிறார்களே, சோடை போகுமா என்பார்கள். அந்தப் புகழ் எப்படி வந்தது என்று கிளறினால் வேடிக்கையான சங்கதிகள் வெளிவரும்.

ரிக்பி நிறுவனம் 1898-இல் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் பெருவிலங்கு வேட்டையில் கொடிகட்டிப் பறந்த தோட்டா. 1907-இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுக்குத் தடை போட்டது. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கியும் அதே அளவு. கிளர்ச்சிக்காரர் கையில் குண்டுகள் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம். இந்தியச் சந்தையை இழக்க லண்டன் கம்பெனிகளுக்கு மனம் வருமா? அங்குலத்தில் நூற்றில் ஓரிரு பங்கு தள்ளி ஆளுக்கொரு தோட்டா செய்தார்கள். ஹாலண்டு அண்ட் ஹாலண்டு .465 செய்தது, ஜோசப் லாங் .470 செய்தார். இரட்டைக் குழல் ரைபிள் என்றாலே ஆப்பிரிக்க வேட்டைக்காரர் இன்று முதலில் சொல்லும் பெயர் .470. முப்பத்திரண்டு கிராம் குண்டு, ஏறக்குறைய .450-க்கு இருந்த அதே வலு. யானையின் மண்டைக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. அரசாங்க உத்தரவு ஒன்று போட்ட பிச்சைதான் அந்தப் புகழ்.

நம் நாட்டு .315-இன் கதையும் அதே ஜாதி. ஆஸ்திரியப் படையின் பழைய மான்லிகர் தோட்டாவுக்கு இங்கே ஏன் இத்தனை செல்வாக்கு? ராணுவத்தின் .303-ஐப் பொதுமக்கள் வைத்துக்கொள்ளத் தடை இருந்தது. ராணுவத்தில் இல்லாத ஓர் அளவு தேவைப்பட, .315 வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பு பி.எஸ்.ஏ. கம்பெனி இதை விற்றது. பிறகு இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை செய்தது. வேறு கிடைக்காததால் பரவிய ஒன்றை, சிறந்ததால் பரவியது என்று பேசுவது வழக்கமாகிவிட்டது.

தோட்டாக்களுக்குப் புகழ் சேர்த்ததில் புத்தகங்களுக்கும் பங்கு உண்டு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்தது .275 ரிக்பி, 1926-இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை அவர் அதைக் கொண்டுதான் சுட்டார். ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளை எழுதிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரை விடவில்லை. இருவரும் சொன்னது உண்மைதான். ஆனால் குறி தவறி, அடிபட்ட புலியிடம் சிக்கிச் செத்தவர் எந்தத் தோட்டா வைத்திருந்தார் என்று எழுத ஆள் இல்லை.

இருந்தாலும் இந்தச் சண்டை முழுக்க வெட்டிப்பேச்சு என்று தள்ளவும் முடியாது. சம்பாவத் புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எவரோ முன்பு சுட்டதால் வந்த காயம் அது என்று கார்பெட் எழுதினார். இரை பிடிக்கமுடியாத அந்தப் புலிதான் நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாகக் கணக்கு. அரைகுறையாகச் சுட்டுவிட்டு விடுவதன் விலை இது. எது கொல்லும், எது வெறுமே காயப்படுத்தும் என்று வேட்டைக்காரர்களை யோசிக்க வைத்தது அந்த விவாதத்தின் ஆகப்பெரிய நன்மை.

கோளாறு எங்கே வந்தது என்றால், யோசனையை எண்ணில் அடைக்கப் போனபோது. ஜான் டெய்லர் என்ற வேட்டைக்காரர் 1948-இல் வெளியிட்ட புத்தகத்தில் குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி .470-க்கு 70-க்கு மேல் மதிப்பெண்; பெல்லின் .275-க்கு அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. யானையின் மண்டையில் மூளையைத் தவறவிட்ட பெருங்குண்டு எத்தனை வலுவாகத் தாக்கும் என்பதைச் சொல்லவே டெய்லர் அதைச் செய்தார். மற்றவர்களோ எல்லா விலங்குக்கும் எல்லாத் தூரத்துக்கும் அதையே அளவுகோலாக்கிவிட்டார்கள். சுடுபவரின் தோள் எத்தனை உதையைத் தாங்கும், பயத்தில் கை நடுங்குமா என்பதற்கெல்லாம் சூத்திரத்தில் இடமில்லை.

மதுரைச் சமவெளிக்கு வந்தால் அந்த மதிப்பெண் தலைகீழாகிவிடும். இங்கே எதிரில் நிற்பது யானை அல்ல. அறுபது எழுபது கிலோப் பன்றி. அதைக் கொல்ல .315 தாராளம், மிச்சமும்கூட. அந்த மிச்சத்தில்தான் சிக்கல். குறி தவறிய ரைபிள் குண்டு இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் போகும். நாகமலை, அழகர்மலை அடிவாரத்தை விட்டு நகர்ந்தால் குண்டைத் தடுக்க ஒரு மேடு கிடையாது; வயலுக்கு அடுத்து களத்துமேடு, அதற்கடுத்து ஊர். இருட்டில் பம்புசெட் அறை வாசலில் படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். பன்னிரண்டு போர் துப்பாக்கியில் எல்.ஜி. ரவை போட்டால் தூரத்து ஆபத்து குறையும். ஆனால் முப்பது நாற்பது மீட்டருக்குமேல் அது பன்றியைக் கொல்வதைவிடக் காயப்படுத்துவதே அதிகம். பால்ரஸ் குண்டு அடைத்த நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; சட்டத்துக்கும் புறம்பு, குறிக்கும் புறம்பு. இவற்றோடு ஒப்பிட்டால் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும் இன்னும் கொடுமை. பன்றிக்கு வைத்ததில் யானையும் மாடும் மனிதரும் செத்த செய்திகள் தமிழ்நாட்டில் அபூர்வமல்ல.

ஆகவே இந்த மண்ணில் தோட்டாவை எடைபோட முதல் கேள்வி அது எவ்வளவு வலு என்பதல்ல, தவறினால் எங்கே போய் நிற்கும் என்பது. பரண்மேல் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுட்டால் ரைபிள் குண்டு மண்ணுக்குள் போய்விடும். வரப்பில் நின்று நேராகச் சுட்டால் எந்தத் தோட்டாவுக்கும் உத்தரவாதம் கிடையாது. அந்த வகையில், சுடும் பொறுப்பை வனத்துறையிடம் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. கேரளம் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் வைத்திருக்கும் ஆட்களைக் கொண்டு சுடுகிறது. அதில் வேகம் உண்டு. உழவர் சங்கங்கள் இங்கும் அதைக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் லைசென்ஸ்தாரருக்கு ஆண்டுக்கு இத்தனை தோட்டாதான் என்று வரம்பு உண்டு. தேர்தல் வந்தால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும். துப்பாக்கிச் சங்கங்களில் கிடைக்கும் பயிற்சியும் பெரும்பாலும் காற்றுத் துப்பாக்கியிலும் .22-லும்தான், அதுவும் பகல் வெளிச்சத்தில், அசையாத அட்டையின்மேல். அவரைப் பன்றி வேட்டைக்கு அழைக்கும் முன், ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் ஓடும் குறியைச் சுடப் பழக ஓர் இடமும், அதற்கு வேண்டிய தோட்டாவும் கொடுத்தாகவேண்டும்.