நிறுக்கிற நாடும் ஊட்டுகிற நாடும்

என் மூத்தவள் திருச்சியில் பிறந்தாள், இளையவன் திருகோணமலையில். இரண்டு அரசாங்கங்கள் என் இரண்டு பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொண்டன என்று யாராவது கேட்டால், நான் சொல்லும் பதில் இதுதான்: தமிழ்நாடு பிள்ளைக்கு ஊட்டுகிறது, இலங்கை பிள்ளையை நிறுக்கிறது. கொஞ்சம் மிகைப்படுத்திய பதில். திருச்சியிலும் தராசு உண்டு, திருகோணமலையிலும் திரிபோஷ சத்துமா உண்டு. ஆனால் ஒரு தாயின் மாதம் எதைச் சுற்றி ஓடுகிறது என்று பார்த்தால், அங்கே அது பால்வாடியின் சத்துமாவையும் முட்டையையும் சுற்றி ஓடும். இங்கே கிளினிக் நாளைச் சுற்றி ஓடும்.

2006இல் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் சம்பூர், மூதூர்ப் பக்கத்துச் சனம் ஷெல்லடியில் கிளம்பியபோது ஒரு பகுதி மட்டக்களப்புப் பக்கம் நடந்தது, ஒரு பகுதி மன்னாருக்குப் போய்ப் படகேறி ராமேசுவரத்தில் இறங்கியது. மண்டபம் முகாம், அங்கிருந்து திருச்சி கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை என்று சிதறிய குடும்பங்களை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டார் பொலிசில் பதிந்துவிட்டு முகாமுக்கு வெளியே வாடகைக்கு இருந்தவர்கள். அந்த வருடங்களில் தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகள் இந்தியர் அல்லர். 1987 ஜூலைக்குப் பிறகு அங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பிறப்புச் சான்றிதழ் மாநகராட்சியில், பிரஜாவுரிமைப் பதிவு சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் என்று பிள்ளைக்கு இரண்டு வாசல். இந்தியாவில் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், இலங்கையில் 42 நாள். இந்தக் கடதாசி வேலையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் செய்த உதவியைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்டதனம். அவர்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் எந்த நாட்டுக் கணக்கிலும் வந்திரா.

இனி திருகோணமலைக் கிளினிக். உப்புவெளிப் பக்கத்தில் பொதுநோக்கு மண்டபத்து வாங்கில் காலையிலேயே தாய்மார் வரிசை கட்டிவிடுவார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் ஒரே வாங்கில்தான். இந்த மாவட்டத்தில் அப்படி ஒரே வாங்கில் எல்லாரும் இருக்கிற இடங்கள் அதிகமில்லை. வளையில் தொங்கும் தராசு, அதில் ஊஞ்சல்போல ஒரு துணிப்பை. உள்ளே போடப்பட்ட பிள்ளை வீரிட்டுக் கத்தும். மருத்துவமாது முள்ளைப் பார்த்துக் கொப்பியில் ஒரு புள்ளி வைப்பார். ஆண் பிள்ளைக்கு நீலக் கொப்பி, பெண் பிள்ளைக்கு ரோசா. புள்ளிகளைச் சேர்த்த கோடு பச்சையில் போகிறதா, செம்மஞ்சளுக்குச் சாய்கிறதா, சிவப்பில் இறங்கிவிட்டதா என்பதுதான் அன்றைய தீர்ப்பு. இரண்டு வயதுவரை மாதம் ஒருமுறை, அதன்பின் ஐந்து வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. "போன மாசத்தைவிட இருநூறு கிராம்தான் கூடியிருக்கு. என்ன தீத்துறீங்கள்?" என்று அவர் கேட்கும்போது எழுத்துச் சோதனைக்குப் போன பிள்ளைபோல நிற்பது நாம்தான்.

வராவிட்டால் அவர் வீட்டுக்கு வருவார். இதுதான் இலங்கை ஏற்பாட்டின் உயிர்நாடி. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வந்த பழக்கம் இது: ஒரு சிறு பிரதேசத்துக்கு ஒரு மருத்துவமாது, அந்தப் பிரதேசத்தில் யார் வயிற்றில் பிள்ளை, யார் வீட்டில் புதுப்பிள்ளை என்பது அவர் பதிவேட்டில். பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை படியேறுவார். தொப்புள் காய்ந்ததா, பால் இறங்குகிறதா, தாய் முகம் வாடியிருக்கிறதா என்று பார்ப்பார். நாங்கள் திரும்பி வந்து வாடகைக்கு இருந்த வீட்டில் எங்களை முதலில் விசாரித்தவர் கிராம சேவகர் அல்லர், மிட்வைஃப். மூத்தவளைக் கண்டதும் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். பிசிஜி தழும்பு தேடினார். தழும்பு விழாத பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு இன்னொரு முறை போடுவது இங்கத்தைய வழக்கம். திருச்சியில் அந்தத் தழும்பை யாரும் தேடியதில்லை.

தமிழ்நாட்டில் அந்த இடத்தில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். நகரத்திலும் அவரைப் போன்ற செவிலியர்கள் உண்டு. நல்லவர்கள், ஓயாமல் உழைப்பவர்கள். புதன்கிழமை ஊசி நாள். ஆனால் அங்கே பிள்ளைக்கு முன்னால் நிற்பது எண். கர்ப்பம் பதியும்போது கொடுக்கும் 12 இலக்க பிக்மி நம்பர் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் எடுப்பதே பெரும்பாடு. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் ஏதிலிக் குடும்பத்துக்கு எண்ணைக் காப்பாற்றுவது ஒரு தனி வேலை. எண் கைக்குள் இருந்தாலோ அந்த அரசு கைவிரித்துக் கொடுக்கும். அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றால் 2015இலிருந்து 16 பொருட்கள் கொண்ட பரிசுப் பெட்டகம்: துவாய், கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பை என்று. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ள தாய்க்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய். ஆறு மாதமானால் பால்வாடியிலிருந்து சத்துமாவு. இரண்டு வயதானால் மத்தியானச் சோறு, வாரத்தில் மூன்று முட்டை. பள்ளிக்கூடத்துக்குப் போனால் 1982இலிருந்து சத்துணவு, 2022இலிருந்து காலை உணவும்.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. 1980இல் உலக வங்கிக் கடனில் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், நிறுத்துப் பார்த்துவிட்டு ஊட்டுகிற திட்டம். மாதாமாதம் பிள்ளையை நிறுத்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சில மாதம் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். கணக்குப் பார்க்கும் நிபுணர்களுக்கு அது மிகப் பிடித்த திட்டம். இரண்டே வருடத்தில் எம்.ஜி.ஆர். எல்லாப் பிள்ளைக்கும் சோறு என்று அறிவித்தார். சனத்தின் மனதில் நின்றது சோறுதான், தராசு அல்ல. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பசித்த பிள்ளையிடம் முதலில் எடை கேட்பதில் ஒரு கஞ்சத்தனம் இருக்கத்தான் செய்கிறது.

தராசு மனதில் நிற்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருச்சியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, பால்வாடியில் பிள்ளையை நிறுக்கிறார்கள் என்றாலே முகம் சுளிப்பார். "வெயிட்டு இவ்ளோன்னு வெளிய சொல்லாத கண்ணு, கண்ணு பட்டுடும்" என்பார். இங்கே கிளினிக் வாங்கில் அந்தக் கண்ணூறு வேலை செய்வதில்லை. "உங்கட ஆள் எவ்வளவு?" என்று முன்பின் தெரியாத தாய் கேட்பாள், கிராம் கணக்கில் பதில் வரும். அதே தாய் வீட்டுக்குப் போய் மூன்று மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவாள் என்பது வேறு விடயம்.

ஊசிக் கணக்குத்தான் இரண்டு நாட்டுக்கும் இடையில் அலைகிற குடும்பத்தை உண்மையில் குழப்புவது. இந்தியாவில் பிள்ளை பிறந்தவுடனேயே பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி. இலங்கையில் பிறந்தவுடன் பிசிஜி மட்டும். ஹெபடைட்டிஸ் பி இரண்டாம் மாதத்து ஐந்து நோய் ஊசிக்குள் வருகிறது. அந்த ஐந்து நோய் ஊசி இந்தியாவில் 6, 10, 14 வாரம். இலங்கையில் 2, 4, 6 மாதம். இந்தியா அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு: நோய் சீக்கிரம் தாக்கும் இடத்தில் பாதுகாப்பும் சீக்கிரம் வேண்டும், தாயும் சேயும் ஊர் மாறுவதற்குள் மூன்றையும் போட்டு முடிக்க வேண்டும். இலங்கை இடைவெளி விடுவதால் உடம்பு வலுவாகப் பதில் கொடுக்கும். ஒவ்வொரு தாயையும் தேடிப்போக ஆள் இருக்கிற நாட்டுக்குத்தான் அந்த நிதானம் கட்டுப்படியாகும்.

எண்ணிக்கையில் இந்தியா முந்திவிட்டது. வயிற்றோட்டத்துக்கான ரோட்டா சொட்டும், 2021இலிருந்து நாடு முழுவதும் நிமோனியாவுக்கான பிசிவி ஊசியும் அங்கே இலவசம். இங்கே இரண்டையும் தனியார் வைத்தியசாலையில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். இலவசக் கல்வி, இலவச மருத்துவம் என்று நெஞ்சு நிமிர்த்துகிற நாட்டுக்கு இது குறைதான். மறுபக்கம், மூளைக்காய்ச்சல் ஊசி இந்தியாவில் நோய் பரவும் மாவட்டங்களில் மட்டும். இலங்கையில் ஒரு வயதில் எல்லாப் பிள்ளைக்கும். அங்கே 9 மாதத்தில் போடுவது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்குமான எம்.ஆர். இங்கே 9 மாதத்திலும் மூன்று வயதிலும் எம்.எம்.ஆர். கூடுதலாக இருக்கிற அந்த ஒரு எழுத்து கூகைக்கட்டுக்கானது. தமிழ்நாட்டில் பொன்னுக்குவீங்கி என்பார்கள்.

சாப்பாட்டு விடயத்தில் தாய்க்குத் தாய் பெரிய வித்தியாசமில்லை, கடலுக்குத்தான் வித்தியாசம். திருச்சியில் மூத்தவளின் முதல் சாப்பாடு பருப்புச் சாதமும் கேழ்வரகுக் கூழும். இங்கே ஆறு மாதம் முடிந்ததும் மருத்துவமாது சொன்னது குழைத்த சோறு, அதில் வறுத்து இடித்த நெத்தலித் தூள். துறைமுகத்து ஊரில் நெத்தலிக்குப் பஞ்சமில்லை, முள்ளோடு இடிப்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். வீட்டில் நாங்கள் செய்துபார்த்த உணவுகளில் சிறந்தது அதுதான். பல்லு முளைத்தபோது திருச்சியிலும் பல்லுக்கொழுக்கட்டை அவித்தேன். வெள்ளைத் துணியில் பிள்ளையை இருத்தித் தலையில் கொழுக்கட்டை கொட்டுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் திகைத்துப்போனார்கள். கொழுக்கட்டையைத் தின்றபின் சமாதானமானார்கள். பதிலுக்கு அவர்கள் எங்களைச் சமயபுரத்துக்குக் கூட்டிப்போய் மொட்டை போட வைத்தார்கள்.

பால்தான் இங்கே அவமானம். திருச்சியில் விடிய ஆவின் பால் வாசலுக்கு வந்துவிடும். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மாடு மேய்கிற மாவட்டத்தில் பிள்ளைக்கு நாம் கரைப்பது இறக்குமதிப் பால்மா. 2022 பொருளாதார நெருக்கடியில் 400 கிராம் பைக்கற் ஆயிரம் ரூபாவைத் தாண்டியபோது அது பல வீடுகளிலிருந்து காணாமல் போனது. அதே காலத்தில் திரிபோஷவும் தட்டுப்பாடானது. 1973இலிருந்து சோளமும் சோயாவும் சேர்த்துக் கொடுத்துவந்த மா அது. எடை குறைந்த பிள்ளைக்கு மாதம் இரண்டு 750 கிராம் பைக்கற். நல்ல சோளம் கிடைக்காமல் சின்னப் பிள்ளைகளுக்கான உற்பத்தி நின்றபோது, தராசு மட்டும் தவறாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கோடு சிவப்பில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாமல் நின்ற மருத்துவமாதுகளின் நிலை தாய்மாரின் நிலையைவிடக் கொடியது.

நெருக்கடிக்கு முந்திய கணக்கும் பெருமைப்படும்படியாக இல்லை. 2016 இலங்கைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் 17 சதவீதம். தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் 25. இதில் நாம் முன்னால். ஆனால் உயரத்துக்கேற்ற எடையில்லாத, மெலிந்த பிள்ளைகள் இலங்கையில் 15 சதவீதம், தமிழ்நாட்டில் 14.6. கிட்டத்தட்ட ஒன்றே. நூறு வருடமாக வீடு வீடாகப் போய்ப் பதிகிற நாடு, பதியாத பிள்ளையே இல்லை என்கிற நாடு, மெலிந்த பிள்ளைகளில் தமிழ்நாட்டைவிட ஓர் அங்குலமும் மேலே இல்லை. மெலிவு எங்கே இருக்கிறது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். கொப்பியில் வீட்டிலக்கத்தோடு எழுதியிருக்கிறது. எழுதிய பிறகு சட்டிக்குள் என்ன போடுவது என்பதில்தான் கை சுருங்குகிறது. 2015இல் தொடங்கிய கர்ப்பிணித் தாய்மாருக்கான போஷாக்குப் பொதி அப்போது பத்து மாதத்துக்கு 20,000 ரூபா பெறுமதியாக இருந்தது. நல்ல தொடக்கம், ஆனால் அது பிள்ளை பிறந்து சில மாதத்தோடு முடிந்துவிடும் ஏற்பாடு. பால்வாடி முட்டையைப்போல ஒன்று முன்பள்ளியிலும் கிளினிக்கிலும் நமக்கு வேண்டும். கோழி வளர்க்கத் தெரியாத மாவட்டமா இது?

இந்தியாவிலிருந்து சின்னப் பிள்ளையோடு திருகோணமலைக்குத் திரும்புகிற தாய்மாருக்கு: தடுப்பூசி அட்டையை உடுப்புப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், கைப்பையில் வையுங்கள், இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவுடன் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் மிட்வைஃப் யாரென்று கேட்டுப் பதியுங்கள். போட்ட ஊசியை முதலிலிருந்து திரும்பப் போட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பிள்ளைக்கு அங்கே போட்டது எம்.ஆர். என்று தெளிவாகச் சொல்லுங்கள், மூளைக்காய்ச்சல் ஊசி போட்டதா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். மூன்று வயது எம்.எம்.ஆர். ஊசியைத் தவறவிடாதீர்கள், கூகைக்கட்டுக்கான பாதுகாப்பு அந்தப் பிள்ளைக்கு அதில்தான் கிடைக்கும்.