ஸ்டார் ட்ரெக்: வாயேஜர் தொடரில் குடும்ப உறவும் வீடு திரும்புதலும்

ஸ்டார் ட்ரெக்: வாயேஜர் ஓர் அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர். ரிக் பெர்மன், மைக்கேல் பில்லர், ஜெரி டெய்லர் ஆகிய மூவரும் இதனை உருவாக்கினர். யுபிஎன் தொலைக்காட்சியில் 1995 ஜனவரி 16 அன்று தொடங்கி, ஏழு பருவங்கள் ஓடி, 2001 மே 23 அன்று நிறைவுற்றது. ஸ்டார் ட்ரெக் வரிசையில் ஒரு பெண் கேப்டனை மையப் பாத்திரமாகக் கொண்ட முதல் தொடர் என்பதற்காகவே இது பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. கேப்டன் கேத்ரின் ஜேன்வே பாத்திரத்தில் கேட் மல்க்ரூ நடித்தார்.

இத்தொடரின் உண்மையான பொருள் வீடு திரும்புதல். அந்தப் பொருளை இடையிலுள்ள சில அத்தியாயங்கள் மிக நுட்பமாகக் கையாண்டுள்ளன. ஆனால் வீடு வந்து சேரும் இறுதி அத்தியாயம் அதைக் கைவிட்டுவிடுகிறது. அந்த வெற்றியையும் இந்தத் தோல்வியையும் சேர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கதையின் அடிப்படை

வாயேஜர் ஒரு சிறிய விண்கலம். மாக்கி என்னும் கிளர்ச்சிக் குழுவினரின் கப்பல் ஒன்றைத் தேடிச் செல்லும்போது, அந்நிய சக்தி ஒன்றால் அது நமது விண்மீன் மண்டலத்தின் மறுகோடிக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. பூமி 70,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. முழு வேகத்தில் சென்றாலும் திரும்பிவர 75 ஆண்டுகள் ஆகும். துரத்தியவர்களும் துரத்தப்பட்டவர்களும் ஒரே கப்பலில் வாழ வேண்டிய நிலை.

இங்கே ஒரு செய்தியை மறந்துவிடக் கூடாது. அவர்களை உடனே திருப்பி அனுப்பக்கூடிய கருவி அருகிலேயே இருந்தது. அதைப் பயன்படுத்திவிட்டுப் போனால், ஒகாம்பா என்னும் எளிய மக்கள் கேசான் என்னும் முரடர்களின் கையில் சிக்குவார்கள். ஆகவே ஜேன்வே அந்தக் கருவியை அழித்துவிடுகிறார். முன்பின் அறியாத மக்களுக்காகத் தம்முடன் வந்த சுமார் 150 பேரின் வீட்டை அவர் விட்டுக்கொடுத்தார். தொடரின் அறம் இந்த முதல் முடிவில்தான் இருக்கிறது. கப்பலில் உள்ள ஒவ்வொருவரின் பிரிவுத் துயருக்கும் கேப்டன் பொறுப்பாளி. அதை அவரும் அறிவார்.

கடிதம் வந்த நாள்

நான்காம் பருவத்தில், 1998-இல் ஒளிபரப்பான 'மெசேஜ் இன் எ பாட்டில்' அத்தியாயத்தில் கப்பலின் முதல் செய்தி பூமியை எட்டுகிறது. வாயேஜர் அழிந்துவிட்டதாக அங்கே ஏற்கெனவே அறிவித்துவிட்டார்கள். இழவு காத்து முடித்த குடும்பங்களுக்கு, இறந்தவர்கள் உயிரோடிருக்கும் செய்தி போய்ச் சேருகிறது. அடுத்து வந்த 'ஹன்டர்ஸ்' அத்தியாயத்தில் பதில் கடிதங்கள் வருகின்றன.

தொடரின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று இது. கடிதம் என்றால் மகிழ்ச்சி என்ற எளிய கணக்கை இது ஏற்பதில்லை. ஜேன்வேயின் கடிதம் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மார்க்கிடமிருந்து வருகிறது. அவர் காத்திருந்தார், நம்பிக்கை இழந்தார், இப்போது வேறொரு பெண்ணை மணந்துவிட்டார். அவர் செய்தது தவறென்று சொல்ல முடியாது. செத்துப்போனதாக அறிவிக்கப்பட்ட ஒருத்திக்காக எத்தனை ஆண்டு காத்திருப்பது? சகோட்டேக்கு வரும் கடிதம் அவருடைய மாக்கித் தோழர்கள் ஏறக்குறைய அனைவரும் கொல்லப்பட்டதைச் சொல்கிறது. திரும்பிச் சென்றாலும் அவருக்கு அங்கே ஆள் இல்லை. வல்கன் இனத்தவரான டூவாக் தாம் தாத்தாவாகிவிட்டதை அறிகிறார். இளைஞன் ஹாரி கிம் பெற்றோரின் கடிதத்துக்காகப் பதைப்புடன் காத்திருக்கிறான்.

டாம் பாரிஸின் நிலை வேறு. அவன் சிறையிலிருந்து கப்பலுக்கு வந்தவன். தந்தை ஓவன் பாரிஸ் உயர் பதவியில் உள்ள அட்மிரல். தந்தையிடமிருந்து கடிதம் வருகிறது என்று தெரிந்ததும் அக்கறை இல்லாதவன்போல் காட்டிக்கொள்கிறான். கடிதம் முழுமையாக வந்து சேர்வதற்குள் தொடர்பு அறுந்துபோகிறது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 'தேர்ட்டி டேஸ்' அத்தியாயம் முழுவதும், தனிமைச் சிறையில் அவன் தந்தைக்குச் சொல்லும் கடிதமாகவே அமைந்திருக்கிறது. 1999 டிசம்பரில் வந்த 'பாத்ஃபைண்டர்' அத்தியாயத்தில் பூமியிலிருந்து சில நிமிடம் நேரடியாகப் பேச வாய்ப்புக் கிடைக்கிறது. அப்போது அந்தக் கடுமையான தந்தை மகனை நினைத்து ஏங்குவதையும், அவனை எண்ணிப் பெருமைப்படுவதையும் சொல்கிறார். இரண்டே வாக்கியம்தான், ஆனால் அதற்காக மகன் பல ஆண்டுகள் காத்திருந்தான்.

தொலைவு சில உறவுகளை அறுக்கிறது. சில உறவுகளைச் சரிசெய்யவும் செய்கிறது. நேரில் இருந்தபோது பேசிக்கொள்ளாத தந்தையும் மகனும் 70,000 ஒளியாண்டு இடைவெளி விழுந்த பின் பேசத் தொடங்குகிறார்கள். தொடர் இதை விளக்கிச் சொல்லாமல் நிகழ்ச்சியாகக் காட்டியது பாராட்டத்தக்கது.

கப்பலே வீடானவர்கள்

இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் வந்த 'தி 37'ஸ்' அத்தியாயத்தில், மனிதர்கள் வாழும் ஒரு கோள் எதிர்ப்படுகிறது. விரும்புவோர் அங்கேயே தங்கலாம் என்று ஜேன்வே அறிவிக்கிறார். தங்க விரும்புவோர் கூடவேண்டிய சரக்கு அறைக்கு அவர் அச்சத்துடன் செல்கிறார். அறை காலியாக இருக்கிறது. கப்பல் ஒரு குடும்பமாக மாறத் தொடங்கிவிட்டதை அந்த வெற்றறை காட்டுகிறது.

இதே கருத்தைக் கூர்மையாக எடுத்துரைப்பது 1999-இல் வந்த 'பிளிஸ்' அத்தியாயம். விண்வெளியில் வாழும் ஒரு பேருயிர், பூச்சிகளை ஈர்த்து விழுங்கும் செடியைப்போல, வருவோரின் ஆசையைக் காட்டியே அவர்களை விழுங்குகிறது. வாயேஜர் மக்களுக்கு அது காட்டும் ஆசை பூமி. வீட்டிலிருந்து நல்ல செய்தி தாங்கிய கடிதங்கள் வருவதாக எல்லோரும் மயங்குகிறார்கள். மயங்காதவர்கள் மிகச் சிலர். அவர்களுள் இருவர், போர்க் கூட்டத்திலிருந்து மீட்கப்பட்ட செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணும், கப்பலிலேயே பிறந்த சிறுமி நவோமி வைல்ட்மேனும். இருவருக்கும் பூமிமேல் ஏக்கம் இல்லை. நவோமிக்குக் கப்பல்தான் பிறந்த ஊர். தந்தையை அவள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. பெரியவர்கள் வீடு திரும்பும் நாள், அவள் வீட்டை இழக்கும் நாள்.

வீட்டுநினைவு ஒரு போதையாகவும் ஆகலாம் என்று வீடு திரும்புதலையே பொருளாகக் கொண்ட தொடர் சொல்லத் துணிந்தது பெரிய செய்தி.

இரத்த உறவும் வளர்த்த உறவும்

2000-இல் வந்த 'சைல்ட்ஸ் பிளே' அத்தியாயம் தனியே குறிப்பிடத்தக்கது. போர்க் என்பது உயிர்களைப் பிடித்து இயந்திரத்தோடு இணைத்து, தனி அடையாளத்தை அழித்துவிடும் கூட்டம். அதிலிருந்து மீட்கப்பட்ட சிறுவன் இச்செப் கப்பலில் செவனின் கண்காணிப்பில் வளர்கிறான். அவனுடைய பெற்றோர் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அவனை ஒப்படைப்பதே முறை என்று கேப்டன் கருதுகிறார். செவனுக்கு மனம் ஒப்பவில்லை. அவளுடைய தயக்கத்தைப் பார்ப்பவர்கள் முதலில் தன்னலம் என்றே எண்ணுவார்கள். பிறகுதான் உண்மை தெரிகிறது. போர்க் கூட்டத்தை அழிக்கும் நோய்க்கிருமியை உடலில் சுமக்கும்படியாகவே பெற்றோர் அவனை உருவாக்கியிருந்தார்கள். மகனை மீண்டும் மயக்கி, எதிரிக்கு இரையாக அனுப்புகிறார்கள்.

அந்தப் பெற்றோரைக் கொடியவர்களாக மட்டும் தொடர் காட்டவில்லை. மீண்டும் மீண்டும் அழிக்கப்பட்ட ஓர் இனத்தின் கடைசி முயற்சி அது. ஆனாலும் பிள்ளையை ஆயுதமாக்க எந்தத் துயரும் நியாயம் ஆகாது என்பதில் கதைக்கு ஐயம் இல்லை. பெற்றவர்களிடம் திரும்புவதெல்லாம் வீடு திரும்புதல் ஆகிவிடாது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன அத்தியாயம் இத்தொடரில் வேறில்லை.

2001-இல் வந்த 'லினியேஜ்' இதன் மறுபக்கம். பெலானா டாரெஸின் தாய் கிளிங்கான் இனத்தவர், தந்தை மனிதர். தன் கிளிங்கான் இயல்பைத் தாங்க முடியாமல்தான் தந்தை குடும்பத்தை விட்டுப் போனார் என்று அவள் சிறுவயதிலிருந்து நம்புகிறாள். அதனால் வயிற்றிலுள்ள குழந்தையிடமிருந்து கிளிங்கான் அடையாளங்களை மரபணுச் சிகிச்சையால் நீக்கத் துணிகிறாள். கணவன் டாம் பாரிஸும் தன்னை விட்டுப் போய்விடுவான் என்ற அச்சமே இதற்குக் காரணம். சில மாதங்கள் கழித்து 'ஆத்தர், ஆத்தர்' அத்தியாயத்தில் அவள் தந்தையுடன் திரைவழி பேசுகிறாள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது மூன்றே நிமிடம். பல்லாண்டு மனக்கசப்பை மூன்று நிமிடத்தில் தீர்க்க முடியாது, தொடங்கத்தான் முடியும். அத்தியாயமும் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறது.

இறுதி அத்தியாயம்

இத்தனையையும் கட்டியெழுப்பிய தொடர் 'எண்ட்கேம்' என்னும் இரண்டு மணி நேர அத்தியாயத்துடன் முடிகிறது. எதிர்காலத்தில் தொடங்கும் கதை அது. வாயேஜர் 23 ஆண்டுப் பயணத்துக்குப் பின் ஊர் திரும்பி, மேலும் பத்தாண்டுகள் ஆகிவிட்டன. முதிய அட்மிரல் ஜேன்வேக்கு நிம்மதி இல்லை. செவன் வழியிலேயே இறந்துபோனாள். டூவாக் நரம்பு நோயால் அறிவு கலங்கிக் கிடக்கிறார். அவரைக் குணப்படுத்தியிருக்க முடியும். அதற்கு உரிய நேரத்தில் அவர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் மனத்தோடு மனம் இணைத்திருக்க வேண்டும். உறவே மருந்து, அது எட்டாத தொலைவில். தொடரின் மையப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான கற்பனை கிடைப்பது அரிது.

ஜேன்வே காலத்தில் பின்னோக்கிச் சென்று, தம் கப்பலை முன்கூட்டியே ஊர் சேர்க்க முயல்கிறார். வரும் ஆண்டுகளில் தாம் இழக்கப்போகும் 22 பேரைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். அதற்காக அவர் அழிக்கத் துணிவது, ஏற்கெனவே வாழப்பட்ட பல ஆண்டுகளை. தொடக்கக் காட்சியில் வளர்ந்த நவோமி தன் சிறு மகளுடன் வருகிறாள். அந்தக் குழந்தை இனிப் பிறக்குமா? யாரும் கேட்பதில்லை. முதல் அத்தியாயத்தில் அந்நியர்களுக்காகச் சொந்த வீட்டை விட்டுக்கொடுத்தவர், இங்கே சொந்தக்காரர்களுக்காக அந்நியர்களின் வாழ்வை மாற்றுகிறார். இளைய ஜேன்வே எதிர்க்கிறார். போர்க் கூட்டத்தின் போக்குவரத்து மையத்தை அழிப்பதே கடமை என்கிறார். பழைய கேள்வி அப்படியே திரும்ப வருகிறது. ஆனால் கதை விடை தேடாமல், இரண்டையும் ஒருங்கே சாதித்துத் தப்பிவிடுகிறது. முதல் முறை விலை கொடுத்தவர்கள், இரண்டாம் முறை விலை கொடுக்காமல் வென்றுவிடுகிறார்கள். அட்மிரல் உயிரைக் கொடுக்கிறார் என்பது உண்மை. ஆனால் இளைய ஜேன்வே உயிரோடு இருப்பதால் அந்த இழப்புப் பார்ப்பவரின் மனத்தில் ஆழமாக இறங்குவதில்லை.

அதைவிடப் பெரிய குறை முடிவில் உள்ளது. கப்பல் பூமியருகே வெளிப்படுகிறது. டாம், பெலானாவின் குழந்தை பிறந்து அழும் ஒலி கேட்கிறது. வரவேற்கும் கப்பல்கள் சூழ்கின்றன. திரையில் அட்மிரல் பாரிஸ் தோன்றுகிறார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே தனிப்பட்ட சொல் எதுவும் இல்லை. முதல் அத்தியாயத்தின் முடிவில் ஜேன்வே பிறப்பித்த அதே ஆணையை, வீட்டை நோக்கிச் செலுத்தும்படியான ஆணையை, மீண்டும் பிறப்பிக்கிறார். தொடர் முடிந்துவிடுகிறது.

டூவாக்கின் மனைவி வருவதில்லை. கிம்மின் பெற்றோர் வருவதில்லை. நவோமி தந்தையைப் பார்ப்பதில்லை. மாக்கியினர் கைதாவார்களா, மன்னிக்கப்படுவார்களா என்பது தெரிவதில்லை. கப்பலைத் தவிர வேறு வீடறியாத செவனும் இச்செப்பும் எங்கே போவார்கள் என்பதும் தெரிவதில்லை.

ஒடிசியுடன் ஓர் ஒப்பீடு

ஹோமரின் ஒடிசி 24 பகுதிகள் கொண்டது. அதன் நாயகன் பதின்மூன்றாம் பகுதியிலேயே சொந்த ஊரான இத்தாக்காவில் கரையேறிவிடுகிறான். எஞ்சிய ஏறக்குறைய பாதிக் காப்பியம் ஊர் வந்தபின் நடப்பது. வளர்த்த நாய் அவனை அடையாளம் காண்கிறது. கால் கழுவும் செவிலி பழைய தழும்பைக் கண்டுகொள்கிறாள். மனைவி உடனே நம்பாமல், கட்டிலைப் பற்றிய இரகசியத்தால் சோதிக்கிறாள். முதிய தந்தையை அவன் இறுதியில் காண்கிறான். கரையில் கால் வைத்தது அவனுக்கு வருகை மட்டுமே. வீட்டார் அவனை அடையாளம் கண்ட பிறகே அவன் வீடு திரும்பியவன் ஆகிறான்.

வாயேஜர் வருகையோடு நின்றுவிட்டது. அடையாளம் காணும் காட்சி ஒன்றுகூட இல்லை. நேரமின்மையை மட்டும் காரணம் காட்ட முடியாது. இறுதி அத்தியாயத்தின் பெரும்பகுதி போர்க் கூட்டத்துடனான மோதலுக்கு ஒதுக்கப்பட்டது. வீட்டுக்கு வந்தபின் அந்தக் கப்பல் குடும்பம் கலைந்துபோகும் என்பதை நேருக்குநேர் பார்க்கத் தொடர் தயங்கியது என்றே கொள்ள வேண்டும்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு அதே பருவத்தில் உண்டு. இறுதிக்குச் சற்று முன் வந்த 'ஹோம்ஸ்டெட்' அத்தியாயத்தில் சமையற்காரர் நீலிக்ஸ், தம் இனத்தவர் வாழும் ஒரு சிறு குடியிருப்பைக் காண்கிறார். அங்கே ஒரு விதவையும் அவள் மகனும் அவருக்குக் குடும்பமாகிறார்கள். கப்பலில் உள்ளோர் வரிசையாக நின்று அவருக்கு விடைகொடுக்கிறார்கள். ஒரு வீட்டை விட்டால்தான் இன்னொரு வீட்டை அடைய முடியும் என்ற உண்மை அங்கே முழுமையாகச் சொல்லப்படுகிறது. மற்றவர்களுக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை.

மதிப்பீடு

ஒவ்வொரு வாரமும் தனித்தனிக் கதையாக ஓடியதால், நேற்றைய துயரம் இன்று நினைவில் இல்லை என்ற குறை வாயேஜர் மீது அடிக்கடி சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆயினும் கடிதங்கள், மூன்று நிமிடப் பேச்சுகள், காலியான சரக்கு அறை ஆகியவற்றில் பிரிவைப் பற்றி அது சொன்னவை எளிதில் பழுதுபடாதவை.

விடுபட்ட கேள்விகளுள் ஒன்றை 2020-இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட் தொடர் பின்னர் எடுத்துக்கொண்டது. அதில் வரும் செவன், ஊர் திரும்பியும் முன்னாள் போர்க் என்பதால் ஒதுக்கப்பட்டவள். இச்செப் கொடூரமாக உயிரிழக்கிறான். வாயேஜர் முடிந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து வந்த இந்தப் பதில் கசப்பானது. ஆனால் வீடு வந்துசேர்ந்த அன்றே எல்லாம் சரியாகிவிடுவதில்லை என்பதை அது ஒப்புக்கொண்டது. வாயேஜர் தன் கடைசி நிமிடங்களில் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான்.