அராவுஜோ குறைத்த ஒன்பது வினாடி

டோக்கியோவில் 2 நிமிடம் 2.47 வினாடி. மூன்றாண்டு கழித்துப் பாரிஸில் 1 நிமிடம் 53.67 வினாடி. பாராலிம்பிக் எஸ்2 பிரிவு 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் பிரேசிலின் கேப்ரியல் அராவுஜோ எடுத்துக்கொண்ட நேரங்கள் இவை. அவரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் கைகள் இல்லை என்பதில் தொடங்கி, பதக்க மேடையில் அவர் போடும் ஆட்டத்தில் முடிந்துவிடுகின்றன. நடுவில் நீந்தியதை யாரும் பேசுவதில்லை. நாம் பேசுவோம்.

2002-இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். ஃபோகோமீலியா என்ற பிறவிக் குறைபாட்டால் கைகள் வளரவில்லை, கால்களும் குட்டை. அலச வருபவர் கவனிக்க வேண்டியது கால்களைத்தான். சீனாவின் ஜெங் தாவோவுக்கும் கைகள் இல்லை. ஆனால் நல்ல வலுவான கால்கள் உண்டு, அதனால் எஸ்5. பிரிவின் எண் குறையக் குறைய உடலியக்கத் தடை அதிகம். அராவுஜோ அந்த வரிசையில் கடைசிக்கு முந்தைய படியில் இருக்கிறார்.

நீச்சல் வேகத்தில் பெரும்பங்கு கைவீச்சுடையது. அது இல்லாதவர் எதைக் கொண்டு நீரைத் தள்ளுவார்? உடம்பைக் கொண்டு. நெஞ்சில் கிளம்பும் அசைவு இடுப்பு வழியே கால்வரை ஓடுகிறது. மல்லாந்து நீந்தும் மற்றவர்கள் இந்த டால்பின் உதையை, சுவரை விட்டுக் கிளம்பிய முதல் 15 மீட்டருக்குள் நீருக்கடியில் மட்டுமே நம்புவார்கள். இவருக்கோ முழுத் தூரமும் அதுதான். வயிற்றுத் தசை களைத்துவிட்டால் வேகம் அங்கேயே செத்துவிடும். கடைசியில் சுவரைத் தொடுவதும் தலையால்தான். வேகத்தைக் குறைக்காமல் சுவரை நோக்கித் தலையைக் கொண்டுபோக எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

டோக்கியோவில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலிலும் 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கிலும் தங்கம் வென்றவரை, 100 மீட்டரில் சிலியின் ஆல்பெர்த்தோ அபார்சா இரண்டு வினாடி முந்தினார். பாரிஸில் மூன்றும் அராவுஜோவுக்கே. 100 மீட்டரில் அடுத்து வந்தவர் இருபது வினாடிக்கும் மேல் பின்தங்கியிருந்தார். 200 மீட்டரில் 4:06.52 என்பது 3:58.92 ஆனது.

எஸ்2-வில் போட்டியாளர்கள் குறைவு என்று சிலர் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் நெருக்கிப் பிடிக்க ஆளில்லாத போட்டியில் ஒருவர் தன் நேரத்தை இவ்வளவு குறைப்பது இன்னும் கடினம். தவிர, அவர் எளிய களத்தோடு நின்றுவிடவும் இல்லை. பாரிஸில் தன்னைவிட இயக்கத்திறன் கூடிய வீரர்களுடன் எஸ்எம்3 பிரிவு (எஸ்எம் என்பது மெட்லிக்கான வகைப்பாடு) 150 மீட்டர் மெட்லியிலும் இறங்கினார். அதில் பேக்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைலோடு பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கும் உண்டு. கைகளே இல்லாதவருக்கு அது எத்தனை கொடுமை! தகுதிச் சுற்றில் தன் எஸ்எம்2 பிரிவின் உலக சாதனையை முறியடித்தார், இறுதியில் நான்காம் இடம். என் கணக்கில் மூன்று தங்கங்களையும்விடப் பெரிய நீச்சல் அதுவே. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் அவருக்கு வயது 26. அந்த மெட்லிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.